தீர்த்தமலைக்குப் போன புறக்கணிப்பு

ஊரை ஒன்றுசேர்க்க வேண்டும் என்ற ஆசை ஒருவனுக்கு வந்துவிட்டால், அவனை வீட்டுக்குள் போட்டுப் பூட்டுவது எல்லோருக்கும் நல்லது. எனக்கு அந்த ஆசை வந்தபோது பூட்ட ஆள் இல்லை. கல்யாணம் ஆகவில்லை. முப்பது வயதுகூட நிரம்பவில்லை. சொந்தமாக ஒரு பழைய வேன் இருந்தது (பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மஞ்சள் வேன். மூன்றாவது கியர் விழ வேண்டுமென்றால் முதலில் அதனிடம் கெஞ்ச வேண்டும்). வேன் வைத்திருப்பவனுக்கு, கூப்பிட்டால் ஊரே வந்து ஏறிக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு இருக்கும். எனக்கு அது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

எங்கள் ஊர் அரூர்ப் பக்கம். பாதிப் பேர் ரோட்டோரம் குடியிருக்கிறோம். மீதிப் பேர் வயலுக்குள்ளேயே கொட்டாய் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். ரோட்டுக்காரர்கள், கொட்டாய்க்காரர்கள் என்று பேச்சுக்குச் சொல்வோமே தவிர, பெண் கொடுத்துப் பெண் எடுத்து எல்லோரும் ஒன்றுக்குள் ஒன்றுதான். நாங்கள் ரோட்டுக்காரர்கள். என் அக்காவைக் கொட்டாயில் கொடுத்திருந்தோம். அம்மா கறிக்குழம்பு வைத்தால் கொட்டாய்க்கு ஒரு தூக்குவாளி போகும். அங்கிருந்து பால் வரும்.

அப்படி இருந்த ஊரில்தான், பஞ்சாயத்தைப் பக்கத்து டவுனோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்து விழுந்தது. சேர்ந்தால் குழாய்த் தண்ணீர் வரும், மனை விலை ஏறும் என்று ரோட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம். சேர்ந்தால் நூறு நாள் வேலை போய்விடும், வரிதான் ஏறும் என்று கொட்டாய்க்காரர்களுக்குப் பயம். சரி, ஊரே முடிவு செய்யட்டும் என்றார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து ஆளுக்கொரு தடவை மைக்கைப் பிடித்து, "நீங்க கை தூக்கினா தூக்கினதுதாங்க. அதுக்கு மேல ஒருத்தர் பேச முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்களும் நம்பினோம். (நம்பியதை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில், உச்சி வெயிலில் நடந்தது. சேர வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் அம்மா ஒரு கையைத் தூக்கினாள். கண் கூசியதால் இன்னொரு கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஐயோ, ரெண்டு கையத் தூக்குது பாருங்க எங்கம்மா! இப்பிடித்தான் கணக்கு ஏத்தறாங்க!" கத்தியது என் அக்கா. அத்தனை பேருக்கு நடுவில் சொந்த மகள் தன்னைக் கள்ள ஓட்டுக்காரி ஆக்கிவிட்டாள் என்று அம்மா அன்றைக்குப் பேச்சை நிறுத்தினாள். அக்காவும் இறங்கி வரவில்லை. குழம்பும் நின்றது, பாலும் நின்றது.

சேர வேண்டாம் என்பவர்கள் கொஞ்சம் கூடுதலாக இருந்தார்கள். கொட்டாயில் வெடி வெடித்தார்கள். சில மாதம் கழித்து, சேர்த்தாகிவிட்டது என்று உத்தரவு வந்தது. நாங்கள் தூக்கிய கைகளை யாருமே பார்க்கவில்லை போலிருக்கிறது. கொட்டாய்க்காரர்களுக்கு நூறு நாள் வேலை போனது. ரோட்டுக்காரர்களுக்கு வரி மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை. இரண்டு பக்கமும் ஏமாந்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் டீக்கடையில் தனித்தனி பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். உங்களால்தான் எல்லாம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே டீ குடித்தார்கள்.

அடுத்து தேர்தல் வந்தபோது, அதிசயமாக இரண்டு பெஞ்சும் ஒரே வார்த்தை பேசியது. "எவனுக்கும் ஓட்டுக் கெடையாது." இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஊர் ஒன்றாகிவிட்டது! இதைச் சரியாகப் பிடித்தால் அம்மாவையும் அக்காவையும்கூட ஒன்றாக்கிவிடலாம். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். ஊர், தேர்தல், புறக்கணிப்பு எல்லாம் அதற்குச் சாக்கு.

கறுப்புக் கொடி கட்டலாம் என்றார்கள் சிலர். நான் மறுத்தேன். கொடியைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தால், எதிர்ப்பக்கத்துக்காரன் பின்வழியாகப் போய் ஓட்டுப் போட்டுவிடுவானோ என்று ஆளாளுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே என் திட்டம், வாக்குப்பதிவு அன்று எல்லோரும் வண்டியேறித் தீர்த்தமலைக்குப் போய்விடுவது. சாமி கும்பிட்டு, தீர்த்தத்தில் குளித்து, புளிசாதம் சாப்பிட்டு, பூத்தை மூடிய பிறகு திரும்புவது. ஒருவர் கண் முன்னால் ஒருவர் இருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லையே! இதைச் சொல்லும்போது என் குரலே எனக்குக் கம்பீரமாகக் கேட்டது.

என் வேன் போதாதென்று இரண்டு மினி பஸ் பேசினேன். வயதானவர்களும், மாடு கன்றை விட்டு வர முடியாதவர்களும் தவிர எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பரீட்சை ஹாலில் உட்கார வைப்பதுபோல ஒரு ரோட்டுக்காரர், ஒரு கொட்டாய்க்காரர் என்று மாற்றி மாற்றி உட்காரவைத்தேன். அம்மாவையும் அக்காவையும் என் வேனில் ஒரே சீட்டில் உட்காரவைத்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அக்கா என் முதுகை முறைத்துக்கொண்டு வந்தாள். மாமா (அக்கா வீட்டுக்காரர்) என் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்பிடி மாப்ளே இந்த வண்டிய ஓட்டற?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் கெஞ்ச வேண்டிய கியர் முதற்கொண்டு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

மலையேறியபோது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அம்மா வாங்கிக் குடித்தாள். மேலே போய்ச் சேர்ந்ததும், இலையில் புளிசாதம் வைத்தபோது அம்மா தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அக்கா இலையில் போட்டாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டே அதை நொறுக்கினாள். எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இனி நாம் குளிக்கலாம் என்று சட்டை, பேண்ட், போன் எல்லாவற்றையும் அம்மாவின் பையில் வைத்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு தீர்த்தத்துக்குப் போனேன். பாறையிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. நான் நல்ல ஆனந்தமாக, வேண்டிய நேரத்துக்கும் மேலே குளித்தேன்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது நடந்ததைப் பிற்பாடு பலர் சொல்லிக் கேட்டேன். கன்று ஈனப்போகும் மாட்டுக்காக ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு கொட்டாய்க்காரர் போனில் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார். பூத் வாசலில் என் சித்தப்பா நிற்கிறார். சித்தப்பா டீக்கடைக்காரர், மலையேறுகிற வயதில்லை என்று ஊரிலேயே தங்கிவிட்டவர். ஆளில்லாத பூத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கு டீ கொண்டு போயிருக்கிறார். போட்டோவில் சித்தப்பா விழுந்தார், பிளாஸ்க் விழவில்லை.

"ரோட்டுக்காரங்க ஓட்டுப் போட ஆரம்பிச்சிட்டாங்க! நம்மள மலைக்கு ஏத்திவுட்டுட்டு அங்க வேலய முடிக்கறாங்க!" என்று போட்டோவைப் பார்த்த கொட்டாய்க்காரர் ஒருவர் கத்தியிருக்கிறார்.

அக்கா இலையை விட்டு எழுந்துவிட்டாள். "பாத்தியாம்மா உங்க ஆளுங்க லட்சணத்த?"

"அவரு டீ குடுக்கப் போயிருப்பாருடி."

"ஆமா, டீ குடுக்கத்தான் போவாரு. நீ வெயிலுக்குத்தான் கையத் தூக்குவ."

அவ்வளவுதான். கொட்டாய்க்காரர்கள் அத்தனை பேரும் படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தார்கள். அவர்கள் போய்ப் போட்டுவிட்டால் நம் கதி என்ன என்று ரோட்டுக்காரர்களும் பின்னாலேயே ஓடினார்கள். கொட்டாய்க்காரர்கள் என் வேனிலும் ஒரு மினி பஸ்ஸிலும், ரோட்டுக்காரர்கள் இன்னொரு பஸ்ஸிலும் ஏறிக்கொண்டார்கள். சாவியை வண்டியிலேயே விடுவது என் வழக்கம். மூன்றாவது கியரை எப்படிப் போடுவது என்று காலையில்தான் நான் மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பி வந்தால் இலைகள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. புளிசாத அண்டாவைச் சுற்றிக் குரங்குகள் பந்தியில் உட்கார்ந்திருந்தன. கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு குரங்கு மட்டும் திரும்பிப் பார்த்தது. ஈரத் துண்டோடு கீழே இறங்கினேன். எதிரே வந்த பக்தர்கள், வேண்டுதல் போலிருக்கிறது என்று மரியாதையாக வழிவிட்டார்கள். அடிவாரத்தில் பூக்கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். "உங்க ஊரு ஆளுங்களாங்க? என்னமோ ஊருல நெருப்புப் புடிச்சாப்பல ஓடுனாங்களே." வேன் போனதுகூடப் பரவாயில்லை. அம்மாவும் என்னைத் தேடாமல் போய்விட்டாளே என்பதுதான் மனதை அறுத்தது.

ஒரு புண்ணியவான் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்து ஊரில் விட்டார். பூத் வாசலில் திருவிழாக் கூட்டம். எங்கள் ஊரில் அவ்வளவு பேர் வரிசையில் நின்று நான் பார்த்ததே இல்லை. யாருக்குப் போடுவது என்றுகூட அவர்களுக்குத் தெளிவு கிடையாது. எதிர்ப்பக்கத்துக்காரர்கள் எவனுக்குப் போடுவார்கள் என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டு, அதற்கு எதிராக அமுக்கிவிட்டு வந்தார்கள். என் மஞ்சள் வேனைச் சுற்றிப் பறக்கும் படை நின்றுகொண்டிருந்தது. மாமா விரல் மையை ஊதிக்கொண்டே, "வண்டி என்துங்களா? இல்லீங்க. அதோ வர்றாரு பாருங்க எங்க மாப்ள" என்று கை காட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்தார்.

அதிகாரி என் துண்டை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓட்டர்ஸ வண்டி வெச்சிக் கூட்டிட்டு வர்றது குத்தம்னு தெரியாதா?"

"நான் கூட்டிட்டு வரலீங்க. கூட்டிட்டுப் போனேன்."

"எங்க?"

"மலைக்குங்க."

"எதுக்கு?"

"யாரும் ஓட்டுப் போடக் கூடாதுன்னுங்க."

"அது அதவிடப் பெரிய குத்தம்."

இரண்டில் எதை ஒப்புக்கொள்வது என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. "எந்தக் கட்சி அனுப்பிச்சிது? உள்ளதச் சொல்லு" என்றார். எந்தக் கட்சியும் இல்லை என்றேன். அம்மாவும் அக்காவும் பேச வேண்டும் என்பதற்காகச் செய்தேன் என்றேன். அவர் வீடியோ எடுப்பவரிடம், "இதையும் எடுத்துக்க" என்றார். இந்த விசாரணை முடிவதற்குள் பூத்தை மூடிவிட்டார்கள். மலையேறிய கூட்டத்தில் அன்று கடைசிவரை ஓட்டுப் போடாதவன் நான் ஒருவன்தான். வேன் பல நாள் வெயிலில் நின்றது. பிள்ளைகளை ஏற்ற வேறு வண்டி வந்தது. அந்த வண்டியே நிலைத்துவிட்டது.

ஆனால் அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஊரையே பூத்துக்கு ஓடவைக்க நான் யாரிடமோ கை நீட்டிக் காசு வாங்கிவிட்டேன் என்று பேச்சு கிளம்பியது. போட்டோவும் என் ஏற்பாடு, குளிக்கப் போனதும் நடிப்பு. ரோட்டுக்காரர்கள் கொட்டாய்க்கு வேலை செய்தேன் என்றார்கள். கொட்டாய்க்காரர்கள் ரோட்டுக்கு வேலை செய்தேன் என்றார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா என் சட்டையையும் பேண்ட்டையும் மடித்துக் கையில் கொடுத்தாள்.

"உன்னக் கூப்புட நின்னிருந்தா அவ முன்னாடி போயிருப்பாடா" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "என்கிட்ட மட்டும் சொல்லு. யாரு சொல்லி வண்டி வெச்ச?" என்று கேட்டாள்.

மறுவாரம் சந்தையில் அக்காவைப் பார்த்தேன். அவளும் குரலைத் தாழ்த்தி அதையே கேட்டாள். கட்சிக்காரர்களை நம்பாமல் போன ஊர் என்று பெருமையாக நினைத்திருந்தேன். அவர்களை நம்பாமல் இருக்கப் பழகிய பழக்கத்தில் கூடப் பிறந்தவனையும் நம்ப முடியாமல் போய்விட்டது. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

இப்போது எனக்குக் கல்யாணமாகிவிட்டது. பொண்டாட்டி பிள்ளைகளோடு ஒகேனக்கல் போகலாம் என்று வாயெடுத்தால்கூட, "எந்தக் கட்சி வண்டி?" என்று என் மனைவி கேட்கிறாள். கல்யாண வீடுகளில் நான் பந்தியில் உட்கார்ந்தால், "பாத்துங்க, எழுந்து பாக்கறப்ப யாரும் இருக்க மாட்டாங்க" என்று பக்கத்து இலைக்காரர் ஆரம்பிக்கிறார். நானும் சிரித்துவிட்டுச் சாப்பிடுவேன்.

போன தேர்தலில், பெண்கள் வரிசையில் அம்மா முன்னால் நின்றாள். அக்கா நாலு ஆள் தள்ளிப் பின்னால் நின்றாள். அம்மாவுக்கு அவள் நிற்பது தெரியாது. நான் பக்கத்து வரிசையில் இருந்தேன். "என்னாப்பா, இந்த வாட்டி மலைக்கு வண்டி இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வரிசை முழுவதும் சிரித்தது. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே யார் சொன்னது என்று திரும்பினாள்.

அக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு பேர் பார்வையும் சந்தித்தது. அம்மா முந்தானையை மெதுவாக இறக்கிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. அம்மா உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு, அக்கா நின்ற வரிசையைத் தாண்டாமல், பள்ளிக்கூடத்தின் பின்பக்க வாசல் வழியாக வீட்டுக்குப் போனாள்.