அலமாரி ஒன்பது, தட்டு மூன்று

பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் தோற்றதற்குக் காரணம், சரஸ்வதி பூஜையன்று படித்ததுதான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அன்று நான் படித்தது கணக்குப் புத்தகம்கூட இல்லை. பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தில் இருந்த பாதித் தொடர்கதை. ஆனாலும் படிப்பு படிப்புதானே? பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும், அதுவரை ஓர் எழுத்துகூடப் படிக்கக் கூடாது என்று என் அம்மா சொல்லியிருந்தார். மார்க் வந்த அன்று, "நான் அப்பவே சொன்னேன்ல, அந்த பஜ்ஜி பேப்பர்தான்" என்றார். (முப்பத்தொன்று. நான்கு மார்க்கை அந்த பஜ்ஜி தின்றுவிட்டது.)

பவித்ரா, ஜீவா, நீங்கள் இருவரும் ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் என் மொபைலைப் பிடுங்கி, அதற்குக் குங்குமப் பொட்டு வைத்து, "நைனா, இது படிச்சிக்கினு கீது, ஆஃப் பண்ணிடவா?" என்று கேட்டுச் சிரிக்கிறீர்கள். அந்தக் கதையில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதியை எழுதிவிடுகிறேன். உங்கள் வயதுப் பிள்ளைகள் வேறு யார் படித்தாலும் சரி.

மயிலாப்பூரில் கோயில் குளத்துக்கு நான்கு தெரு தள்ளி, ஓர் அறக்கட்டளை நடத்திய பழைய நூலகத்தில் நான் அட்டெண்டராக இருந்தேன். பதினோரு இரும்பு அலமாரிகள். எந்தப் புத்தகம் எங்கே என்பதற்கு ஒரே பட்டியல்தான் இருந்தது. அது என் தலைக்குள் இருந்தது. யாராவது கேட்டால் நேராகப் போவேன், கையை நீட்டுவேன், புத்தகம் வரும். (எனக்கு ஜுரம் வந்தால் நூலகத்துக்கே ஜுரம்.) நான் அதைப் பெருமையாக நினைத்தேன். அறக்கட்டளைக்காரர்கள் பயந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் மங்கை மேடம் வந்தார். தூத்துக்குடிப் பெண். அடையாறில் ஒரு ஹாஸ்டலில் தங்கி, கம்ப்யூட்டரில் தமிழ்ப் புத்தகங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எங்கள் நூலகத்தைத் தன் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்ததும், பதினோரு அலமாரிப் புத்தகங்களின் பெயர், எழுதியவர், பொருளடக்கம், இருக்கும் இடம் எல்லாவற்றையும் தானே டைப் அடித்ததும் அவர்தான். இரண்டு வருட வேலை. நான் தூசி தட்டிப் புத்தகத்தை நீட்டுவேன், அவர் தும்மிக்கொண்டே அடிப்பார்.

"இதுல என்ன மேடம் ஆராய்ச்சி? பேர் அடிச்சா பேர் வரப்போவுது" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அப்படி வராது அண்ணே. நீங்க 'கிணறு'ன்னு தேடுதீங்க. புத்தகத்துல 'கிணற்றில்'னு இருக்கு. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுன்னு தெரியும். மெஷினுக்கு அது வேற, இது வேற. அதுக்குச் சொல்லிக் கொடுக்கணும்லா?"

பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவர் சொன்னதும், அந்தப் பழைய கம்ப்யூட்டர் மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. நான் செய்த அத்தனைக்கும் அந்தப் பாசம்தான் காரணம்.

அந்த வருடம் அறக்கட்டளை ஒரு முடிவுக்கு வந்தது. விஜயதசமியன்று காலை எல்லா உறுப்பினர்களும் நேரில் வருவார்கள். கம்ப்யூட்டர் புத்தகங்களைத் தேடிக் காட்டினால் நூலகம் நடக்கும். காட்டாவிட்டால் புத்தகங்களை வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, கட்டடத்தை வாடகைக்கு விட்டுவிடுவார்கள். நூலகம் போனால் என் வேலை போகும்; மேடத்தின் ஆராய்ச்சியும் நடுத்தெருவில் நிற்கும்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் மேடம் கடைசி வேலையை ஆரம்பித்தார். சில புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று போட்டிருக்குமே, அதேபோல் மொத்த நூலகத்துக்கும் கம்ப்யூட்டர் தானே ஒரு சொல்லடைவு தயாரிக்க வேண்டும். பழைய மெஷின் என்பதால் ஒன்றரை நாள் ஆகும்.

"இப்ப இது இன்னா பண்ணிக்கினு கீது மேடம்?"

"ஒவ்வொரு புத்தக விவரமா படிச்சிட்டு இருக்கு அண்ணே. முதல் அலமாரில ஆரம்பிச்சிருக்கு. நாளன்னைக்குக் காலையில பதினொண்ணாவது அலமாரி முடிஞ்சிரும். நாளைக்கு லீவுதானே, நான் வரல. நீங்க பூஜை போட்டுட்டு அப்படியே பூட்டிட்டுப் போங்க."

போகும்போது சுவிட்சுக்கு மேலே ஒரு தாளை ஒட்டினார்: 'அணைக்க வேண்டாம்.' கீழே இரண்டு கோடு.

மறுநாள் காலை குளித்து, பொரி, கடலை, சுண்டல், பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். பதினோரு அலமாரிக்கும் சந்தனம் வைத்துப் பொட்டு வைத்தேன். நாற்காலி, மின்விசிறி, ரப்பர் ஸ்டாம்ப், துடைப்பம். புத்தகத்தில் ஒட்டிய கோடுகளைப் படிக்கும் ஸ்கேனருக்கு எங்கே வைப்பது என்று யோசித்து, அதன் கண்ணாடிக் கண் மேலேயே பெரிதாக வைத்தேன். 'அணைக்க வேண்டாம்' என்ற தாளையும் விடவில்லை, நான்கு மூலைக்கும் நான்கு பொட்டு.

கற்பூரம் ஏற்றும்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கம்ப்யூட்டர் 'கிர்ர்' என்று படித்துக்கொண்டிருந்தது.

சரஸ்வதி பூஜையன்று! கலைவாணி படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு! மறுநாள் பரீட்சை வைத்துக்கொண்டு!

பிள்ளைகளே, நீங்களே சொல்லுங்கள். பஜ்ஜிக் காகிதத்தில் பாதிக் கதை படித்த எனக்கே நான்கு மார்க் போனது. இது நேற்றிலிருந்து பதினோரு அலமாரியைப் படித்துக்கொண்டிருக்கிறது. தேறுமா? மேடத்தின் இரண்டு வருட உழைப்பு என்ன ஆகும்? பூஜை முடிகிறவரை, மதியம் பன்னிரண்டு மணிவரை மட்டும் நிறுத்திவைத்தால் தெய்வக்குற்றம் இருக்காது. பிறகு விட்ட இடத்திலிருந்து படித்துக்கொள்ளட்டும். நாமெல்லாம் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வருவதில்லையா?

கன்னத்தில் போட்டுக்கொண்டு சுவிட்சை அணைத்தேன். அந்தத் தாளை நான் படித்தேனா என்று நீங்கள் கேட்கலாம். அன்று படிக்கக் கூடாது.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி போட்டேன். விளக்கு எரிந்தது, 'கிர்ர்' என்றது. "படி ராஜா" என்று அதன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, சுண்டலோடு மந்தைவெளிக்கு, நம் வீட்டுக்கு வந்துவிட்டேன். யாராவது புதிதாகக் கட்டளை கொடுத்தால்தான் அது மறுபடி படிக்கும், அன்று முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது.

விஜயதசமியன்று உறுப்பினர்கள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். நல்ல நேரம் ஒன்பதே காலுக்கு ஆரம்பமாம். மேடத்தின் பஸ் நெரிசலில் மாட்டி, அவர் வியர்த்து விறுவிறுத்து உள்ளே நுழையும்போது ஒன்பதே முக்கால். எதையும் சரிபார்க்க நேரமில்லை.

"ஏம்மா, நல்ல நேரம் போயிண்டிருக்கு, ஆரம்பி" என்றார் அறக்கட்டளைத் தலைவர். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர். "மொதல்ல எங்கப்பாவோட புஸ்தகத்தத் தேடு. ஆத்துக்கு ஆத்து இருந்த கிணறுகளப் பத்தி எழுதியிருக்கார்."

மேடம் சிரித்தார். அவருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. 'கிணறு' என்று அடித்தார்.

திரையில் வந்தது: 'எதுவும் கிடைக்கவில்லை.'

தலைவரின் அப்பா பெயரை அடித்தார். எதுவும் கிடைக்கவில்லை. ஸ்கேனரை எடுத்து ஒரு புத்தகத்தின் மேல் காட்டினார். அது குங்குமத்துக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. மேடம் துப்பட்டாவால் துடைத்தார். துப்பட்டா சிவப்பானது, கண் திறக்கவில்லை. ஓர் உறுப்பினர் 'கோயில்' என்றார், இல்லை. இன்னொருவர் 'சங்கீதம்' என்றார், இல்லை. கடைசியில் யாரோ விளையாட்டுக்கு, "வடாம் போட்டுப் பாரும்மா" என்றார்.

வடாம் இருந்தது. நான்கு புத்தகம் இருந்தது. சமையல் புத்தகங்கள் இரண்டாவது அலமாரியில் இருந்தன. ஐந்தாவதின் நடுவில்தான் நான் சுவிட்சை அணைத்திருக்கிறேன்.

"எங்கப்பா இல்லே. வடாம் இருக்கு" என்றார் தலைவர்.

சிலர் சிரித்தார்கள். மேடம் மறுபடி மறுபடி 'கிணறு' என்றே அடித்துக்கொண்டிருந்தார். ஏதாவது செய்து காப்பாற்ற வேண்டுமே என்று ஓடினேன். ஒன்பதாவது அலமாரி, மூன்றாவது தட்டு. பத்து விநாடியில் அந்தப் புத்தகத்தோடு திரும்பி வந்து, "இதோ கீது சார்!" என்று மூச்சிரைக்க நீட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதையும் கெடுத்ததில்லை.

தலைவர் அப்பாவின் புத்தகத்தைத் தடவிப் பார்த்தார். "தயாளனே எடுத்துடறானே. அப்பறம் எதுக்கு மெஷின்?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "தயாளனுக்கப்பறம் யார் எடுப்பா?" என்றார்.

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். "அண்ணே, நேத்து கரண்ட் நின்னுச்சா?"

நான் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான். ஆனால் ஏழு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் பயந்துவிட்டேன்.

"ஆமா மேடம். கட் ஆச்சு."

மேடம் அதை நம்பி அவர்களிடம் சொன்னார். "கரண்ட் போயிருக்கு சார். பாதியிலேயே நின்னிருக்கு. ரெண்டு நாள் குடுங்க, கண்டிப்பா—"

"நேக்குப் பக்கத்துத் தெருதாம்மா" என்றார் தலைவர், கோபமே இல்லாமல். "நேத்திக்குக் காலம்பறலேர்ந்து ஆத்துல டிவி ஓடிண்டே இருந்தது. கரண்ட் போகவே இல்லே. வேலை ஆகலேன்னா ஆகலேன்னு சொல்லலாமே."

அந்தப் பெண் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பொய் சொன்னது நான். பொய்க்காரி ஆனது அவர். நான் உறுப்பினர்களுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த சுண்டல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

நல்ல நேரம் முடிவதற்குள் முடிவெடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். குமாரி முதலில் சிரித்தாள். "இன்னாய்யா நீ, மெஷினுக்குப் போய் லீவு வுட்ட?" பிறகு கரண்ட் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "அந்தப் பொண்ணு மேல பழி கீது, நீ இங்க குந்திக்கினு சோறு துன்றியா? எழுந்து போய்யா."

எழுந்து போக எனக்கு இரண்டு வாரம் ஆனது. (இதுதான் உங்களுக்குத் தெரியாத பாதி.)

முதலில் தலைவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அன்னிக்குப் படிக்கப்படாதுதானே? நீ பண்ணினதுல தப்பில்லே" என்றார். கல்லூரிக்குக் கடிதம் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்பதையும் அதே குரலில் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு மேடத்திடம் போனேன். அவர் நூலகத்தில் தன் பொருள்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், அன்னிக்கு கரண்ட் கட் ஆவல. நான்தான்..."

"தெரியும் அண்ணே" என்றார், தலை நிமிராமல். "எப்ப நின்னுச்சு, எப்ப மறுபடி எழும்புச்சுன்னு மெஷின் தானே எழுதி வச்சிக்கிடும். காலையில ஒன்பது இருபதுக்கு நின்னுருக்கு, பன்னண்டு அஞ்சுக்கு எழும்பிருக்கு. சாவி உங்ககிட்டதான இருந்துச்சு."

"எப்ப மேடம் பாத்தீங்க?"

"அவங்கெல்லாம் படி இறங்கும்போதே பாத்துட்டேன்."

"கூப்ட்டு சொல்லி இருக்கலாமே!"

"சொன்னா உங்க வேலைல்லா போயிரும்" என்றார். என் வேலை எப்படியும் போகத்தான் போகிறது என்பது இருவருக்கும் தெரியும். சொல்லடைவு முழுதாக முடிந்துவிட்டதையும் அப்போதுதான் சொன்னார். உறுப்பினர்கள் போன பிறகு மறுபடி முதலிலிருந்து போட்டிருக்கிறார். ஒன்றரை நாளில், பதினோரு அலமாரியும் படித்து முடித்துவிட்டது. எல்லாம் கிடைத்தது. பார்க்கத்தான் யாரும் இல்லை.

புத்தகங்கள் மூட்டையாகக் கட்டப்பட்டு லாரியில் போயின. அந்தக் கல்லூரியில் இன்னும் பிரிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மேடம் வேறு நூலகத்தில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, இரண்டு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினார். நான் கே.கே. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை அடுக்குகிறேன். ஆயுத பூஜைக்கு அங்கே யார் என்ன சொன்னாலும் நான் ஒரு சுவிட்சையும் தொடுவதில்லை.

நூலகத்தைக் காலி செய்தபோது அலமாரிகளை யாரும் கேட்கவில்லை. ஒன்றை எடுத்துக்கொள் என்றார்கள். எடுத்து வந்தேன். நம் சமையலறையில் இருக்கிறதே, கதவில் வெள்ளை பெயிண்டில் '9' என்று எழுதிய அந்த இரும்பு அலமாரிதான்.

மேடம் அந்தப் பட்டியலை இன்டர்நெட்டில் விட்டு வைத்திருக்கிறார். போன பூஜைக்கு பவித்ரா என் மொபைலை அணைப்பதற்கு முன் அதைத் திறந்து, 'கிணறு' என்று அடித்தாள். உடனே வந்தது தலைவரின் அப்பா எழுதிய புத்தகம்: 'நம் வீட்டுக் கிணற்று நீர்.' கிணறு என்று கேட்டால் கிணற்று நீரை எடுத்துக் கொடுக்கிறது! நான் எழுந்து நின்றுவிட்டேன். கீழே எழுதியிருந்தது: 'அலமாரி 9, தட்டு 3. இடமிருந்து ஏழாவது.'

ஜீவா சமையலறைக்கு ஓடினான். மூன்றாவது தட்டில், இடமிருந்து ஏழாவதாக இருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்தான். குமாரி வெயிலில் காயவைத்து எடுத்த வடாம்.

அன்றிலிருந்து நம் வீட்டில் எது காணாமல் போனாலும், ஒற்றை சாக்ஸானாலும் சீப்பானாலும், "எங்கடா?" என்று கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து, "அலமாரி ஒம்போது, தட்டு மூணு!" என்று கத்துகிறீர்கள். நானும் சிரிக்கிறேன். நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, சில நாள் அந்தக் கதவைத் திறந்து, இடமிருந்து ஏழு வரை எண்ணிப் பார்ப்பேன்.