சொந்தக் கருத்துக்கான விடைக்குறிப்பு

கல்வித்துறை திடீரென ஒரு நாள் கவலைப்பட்டது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆனால் படித்ததையெல்லாம் ஒன்றுசேர்த்துச் சிந்திப்பதில்லை என்று அது கண்டுபிடித்தது. உடனே சுற்றறிக்கை வந்தது. இனிமேல் எல்லாப் பள்ளிகளிலும் ‘பல்பனுவல் ஒருங்கிணைப்புச் சிந்தனைத் திறன்’ கற்பிக்கப்பட வேண்டும்.

ஏழாம் வகுப்பு டீச்சர் அதை மூன்று முறை படித்தார். பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறவர், ஆகவே பயப்படவில்லை. வகுப்பில் போய் எளிமையாகச் சொன்னார். மூணு விஷயம் படிங்க, மூணையும் மனசுல போட்டுக் கலக்குங்க, அப்புறம் உங்களுக்குப் புதுசா என்ன தோணுதோ அதை எழுதுங்க. பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போயிற்று. ஒரு மாதம் வகுப்பில் ஒரே வாய்ச்சண்டை. டீச்சருக்கே ஏழெட்டு வயது குறைந்த மாதிரி இருந்தது.

பிறகு தேர்வு வந்தது. தேர்வு என்றால் விடைக்குறிப்பு வேண்டுமே. தலைமையகம் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. அது பதினாறு முறை கூடி, சரியான விடையை முடிவு செய்து, அரக்கு வைத்த உறையில் அனுப்பியது. தேர்வுக்கு முதல் நாள் தலைமையாசிரியர் உறையைப் பிரித்தார். உள்ளே ஒரே வரி: ‘மாணவரின் சொந்தக் கருத்து.’

தலைமையாசிரியர் பொறுப்பான மனிதர். பள்ளியின் தேர்ச்சி விகிதம் அவர் தலைமேல்தான் இருந்தது. நேரே ஏழாம் வகுப்புக்குப் போய், அந்த மூன்று சொற்களையும் கரும்பலகையில் பெரிதாக எழுதி, பிள்ளைகளைப் பத்து முறை எழுதச் சொன்னார். ‘ந்’ விடுபடக் கூடாது என்று தனியாக எச்சரித்தார். டீச்சர் வாயைத் திறக்கப் போனபோது, இது மேலிடத்து விஷயம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று வகுப்புக்கு வராதவள் ஒரே ஒரு பெண். தையற்கடைக்கார அம்மாவின் மகள், காய்ச்சலில் படுத்திருந்தாள்.

மறுநாள் தேர்வில் மூன்று பத்திகள் வந்தன. முதலாவது, எறும்புப் புற்றுக்குள் மழைநீர் ஏன் நுழைவதில்லை என்பது. இரண்டாவது, தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்பது. மூன்றாவது, நகர வடிகால் திட்டத்தின் சாதனைகள். நாற்பத்தோரு பேர் ‘மாணவரின் சொந்தக் கருத்து’ என்று அழகாக எழுதிவிட்டு ஐந்தே நிமிடத்தில் எழுந்தார்கள். காய்ச்சல் பெண் மட்டும் மணியடிக்கிற வரை எழுதினாள். எறும்புகளிடம் பொறியாளர் இல்லை, வீட்டுக்குள் தண்ணீரும் இல்லை. நம்மிடம் பொறியாளர் இருக்கிறார், வீட்டுக்குள் தண்ணீரும் இருக்கிறது. ஆகையால் அவரை ஒரு மழைக்காலம் முழுக்கப் புற்றுக்குப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று முடித்திருந்தாள்.

டீச்சர் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தார். முழு மதிப்பெண் போட்டார். விடைத்தாள்களைச் சரிபார்க்க வந்த கல்வித்துறை ஆய்வாளர் அதைக் கோடு போட்டு அடித்தார்.

“இது என்ன?” என்றார்.

“அந்தப் பிள்ளையோட சொந்தக் கருத்துங்க சார்.”

“அப்படியா? விடைக்குறிப்புல மூணு சொல்லு இருக்கு. இவ பதினோரு வரி எழுதியிருக்கா. இதுல அந்த மூணு சொல்லு எங்க இருக்குன்னு காட்டுங்க.”

டீச்சர் தேடிப் பார்த்தார். உண்மையிலேயே இல்லை.

ஆய்வாளர் கல்நெஞ்சக்காரர் அல்ல. கையெழுத்துக்காக அரை மதிப்பெண் கொடுக்கலாமா என்று யோசித்தார், விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு சைபர் போட்டார்.

மறுநாள் தையற்கடைக்கார அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார், பின்னாலேயே மகள். நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறார், இவரையே கூட்டிக்கொண்டு மேலே போய்ச் சண்டை போடலாம் என்று டீச்சர் மனசுக்குள் தயாரானார். விடை ரொம்ப நல்லா இருந்தது என்று ஆரம்பிக்கவும் செய்தார். அந்த அம்மா காதில் வாங்கவில்லை. மகளைப் பார்த்து, “நாப்பத்தோரு பேருக்குத் தெரிஞ்ச சொந்தக் கருத்து உனக்கு மட்டும் ஏன்டி தெரியல?” என்றார்.

பெண் அழவில்லை. “நான் எழுதினது தப்பா டீச்சர்?” என்று கேட்டாள்.

“சரிதாம்மா,” என்றார் டீச்சர். பிறகு, “அடுத்த தடவை எழுதாத,” என்றார்.



நாற்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்று என்பது சாதாரணத் தேர்ச்சியா? பள்ளிக்குச் சிந்தனைக் கேடயம் கிடைத்தது. விழாவுக்கு எல்லா ஆசிரியர்களையும் ஒரு பெரிய கூடத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். திட்டத்தைப் பற்றித் தங்கள் சொந்தக் கருத்தைத் தயங்காமல் எழுதவும், பெயர் தேவையில்லை என்று அச்சடித்திருந்தது.

டீச்சருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. பேனா மூடியைக் கழற்றினார். இரண்டு நிமிடம் வெற்றுத்தாளையே பார்த்தார். பிறகு மெல்லக் கழுத்தை நீட்டிப் பக்கத்து நாற்காலி கணக்கு வாத்தியாரின் தாளை எட்டிப் பார்த்தார்.

அவர் ஏற்கெனவே இவருடைய தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.