அரைப்புள்ளி வைக்கத் தெரிந்த திருடன்

திருத்துகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாண அழைப்பு கைக்கு வந்தால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டார்கள். மண்டபத்தின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பதைப் பார்ப்பார்கள். மருந்துக்கடைப் பலகையைப் படித்துவிட்டு, மருந்து வாங்க மறந்து, கடைக்காரருக்குப் பாடம் எடுத்துவிட்டு அதே தலைவலியோடு வீடு திரும்புவார்கள். இரங்கல் அறிவிப்பில் கால்புள்ளி இல்லையென்றால், துக்கம் விசாரித்த கையோடு அதையும் செத்தவர் வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். இவர்களால் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்கிறீர்களா? கம்பாலாவுக்குத் தென்மேற்கே மசாக்கா ஊரில் யோனசானி கசிர்யே மாஸ்டரின் பழைய மாணவர்களைக் கேளுங்கள்.

கசிர்யே, மேட்டுப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷமாக இங்கிலீஷ் வாத்தியார். மகள் சன்யு வாங்கிக்கொடுத்த மடிக்கணினியை, மதியம் வேகவைத்த மடோக்கே வாழைக்காயும் கடலைக் குழம்பும் உள்ளே போனபிறகு, ஆசிரியர் அறையில் திறந்துவைத்து உட்காருவார். மோசடிக் கடிதம் வந்தால் மற்றவர்கள் அழிப்பார்கள். அவர் ரசிப்பார். கடிதங்கள் வந்ததென்னவோ இங்கிலீஷில். அந்த மொழிக்கு நடந்த கொலையை உங்கள் வசதிக்காகத் தமிழில் நடத்திக் காட்டுகிறேன்:

‘அன்புல்ல வாடிகையாளறே, உங்கள் மின்னஞ்சள் கனக்கு முடங்க போகிரது. உடணே கீழே உள்ள இனைப்பை அழுத்தி கடவுச்சொள்ளை கொடுக்கவும்.’

“பார்த்தீரா சாலி?” என்பார், பக்கத்து நாற்காலி பூகோள வாத்தியாரிடம். “திருடனுக்கு இலக்கணம் வராது. பிழை இருந்தா மோசடி, பிழை இல்லேன்னா நிஜம். அவ்வளவுதான் விஷயம்.”

இந்த விதியை வருஷா வருஷம் ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் எழுதி, நோட்டில் எழுதவைத்து, மனப்பாடமும் செய்யவைத்திருந்தார்.

ரசித்ததோடு நின்றிருந்தால் கதையே இல்லை. மனுஷர் பதில் எழுதினார். பன்னிரண்டு பிழைக்கும் சிவப்பு அடிக்கோடு போட்டு, ‘பத்துக்கு ஒன்று. கையெழுத்தைப் பார்க்க முடியாததால் அதற்கு மார்க் இல்லை. திருத்தி எழுதி அனுப்பு’ என்று அனுப்பினார். நாலாம் நாள் ‘நன்றி ஐயா’ என்று பதில் வந்தது. அடுத்த வாரக் கடிதத்தில் ஐந்தே பிழை. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

“பையன் முன்னுக்கு வர்றான் சாலி!”

“எதுல முன்னுக்கு வர்றான் மாஸ்டர்?”

இந்தக் கேள்வி காதில் விழாத தூரத்துக்கு அவர் போய்விட்டிருந்தார். எழுத்துப்பிழை தீர்ந்தது, நடைக்கு வந்தார். ‘உடனே செய், இல்லாவிட்டால் கணக்கு போய்விடும் என்று மிரட்டாதே. நாகரிகமாக, தங்கள் வசதியை முன்னிட்டு மாலை ஐந்து மணிக்குள் என்று எழுது’ என்று சொல்லிக்கொடுத்தார். அரைப்புள்ளியை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் ஒரு பக்கம்.

அவருடைய மனைவி நகலேமாவுக்கு நியெண்டோ சந்தையில் துணிக்கடை. காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் எழுதுவாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் எழுதிய ஒரே காதல் கடிதம் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. அதற்கப்புறம் அவள் எழுதவில்லை. அவள் போனுக்கும் இந்த மாதிரிக் கடிதங்கள் வரும். எழுத்தைப் பார்க்க மாட்டாள். எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பார்ப்பாள்.

“பேங்கு பேர் போட்டிருக்கு, முகவரி வேற எங்கேயோ இருக்கு. அதுவும் அவசரமாம்! கடையில நின்னு சீக்கிரம் சீக்கிரம்னு பறக்கிறவன் கையில கள்ள நோட்டுதான் இருக்கும், சன்யு அப்பா. பேங்குக்கு நான் வேணும்னா நானே நடந்து போய்க் கேட்டுக்கறேன். இவன் காட்டுற வழியில எதுக்குப் போகணும்?”

“முதல்ல அவசரங்கிற வார்த்தையை எழுத்துக்கூட்டிச் சொல்லு, பாப்போம்.”

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தேர்வு வாரியத்தின் பெயரில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ‘இங்கிலீஷ் பாடத்தின் தலைமைத் தேர்வாளராகத் தங்களைத் தெரிவுசெய்வதில் பெருமையடைகிறோம்; தங்களைப் போன்ற மொழிப் புலமை அரிது. தங்கள் வசதியை முன்னிட்டு, மாலை ஐந்து மணிக்குள் கீழுள்ள இணைப்பில் நுழைந்து உறுதிசெய்ய வேண்டுகிறோம்.’

மூன்று தடவை படித்தார். ஒரு பிழை இல்லை. அந்த அரைப்புள்ளி வேறு, வைரமூக்குத்தி போல் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. இப்படி அரைப்புள்ளி வைக்கிறவன் திருடனாக இருப்பானா? அனுப்பியவர் முகவரியில் வாரியத்தின் பெயருக்குப் பின்னால் சம்பந்தமில்லாத எழுத்துகள் முழ நீளத்துக்குத் தொங்கின. அதை அவர் பார்க்கவில்லை. முகவரிக்கு இலக்கணம் ஏது? ‘தங்கள் வசதியை முன்னிட்டு’ என்ற சொற்கள் தம்முடையவையாயிற்றே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. வாரியத்திலும் ரசனையுள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார். இணைப்பை அழுத்தினார். கேட்ட இடத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தார். ‘நன்றி’ என்று வந்தது. நிமிர்ந்த நடையோடு வகுப்புக்குப் போனார்.

மறுநாள் காலை நபடான்சி போனில் பேசினாள். பழைய மாணவி, இப்போது கம்பாலாவில் நர்ஸ்.

“மாஸ்டர்! ஆபரேஷன் முடிஞ்சுதா? நைரோபியில எந்த ஆஸ்பத்திரி?”

“எந்த ஆபரேஷன்? நான் மசாக்காவுல நின்னு சாக்பீஸ் தேடிக்கிட்டிருக்கேன்மா.”

“அப்ப நேத்து ராத்திரி நீங்க எழுதின கடிதம்? அதைப் பார்த்துட்டு அழுதுகிட்டே பணம் அனுப்பினேனே!”

மாஸ்டர் கணினியைத் திறந்தார். அவர் கணக்கு அவரையே உள்ளே விடவில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். அவர் பெயரில், அவர் நடையில், இருநூறு மாணவர்களுக்கு உதவி கேட்டுக் கடிதம் போயிருந்தது. கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, நேராகத் துணிக்கடைக்கு ஓடினார். அவரிடம் இருந்தது பொத்தான் போன். பழைய மாணவர்களின் குழு நகலேமாவின் போனில்தான் இருந்தது. அவள் வாடிக்கையாளருக்குத் துணி அளந்துகொண்டிருக்கும்போதே போனைப் பிடுங்கி, கண்ணாடி இல்லாமலே அவசர அவசரமாக அடித்து அனுப்பினார்:

‘அது நாண் இள்ளை. பனம் அணுப்ப வேண்டம். நாண் நளமாக உல்லேன்.’

ஒரு நிமிஷத்தில் குழுவில் பதில் விழுந்தது. ‘நண்பர்களே, எச்சரிக்கை! மாஸ்டரின் மனைவி போனையும் திருடிவிட்டார்கள். ஒன்பது சொல், எட்டுப் பிழை. மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது மறந்துவிட்டதா? நேற்று வந்த கடிதத்தைப் பாருங்கள், ஒரு பிழை உண்டா? அவர் உயிருக்குப் போராடுகிறார், சீக்கிரம் அனுப்புங்கள்.’ அதற்குக் கீழே முப்பது பேர் கைதட்டினார்கள். நகலேமாவின் எண்ணைக் குழுவிலிருந்து நீக்கியும் விட்டார்கள். நல்ல மாணவர்கள்! முப்பத்தொரு வருஷ உழைப்பு ஒரு துளி வீணாகவில்லை.

மாஸ்டர் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“என் பேரைச் சொல்லி என் பிள்ளைகளையே அடிக்கிறானே, சன்யு அம்மா.”

நகலேமா அளவுகோலைக் கீழே வைத்தாள்.

“எழுதினது போதும். பேசுங்க. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு வாயால சொல்லுங்க.”

இரண்டு நாள் கடையிலேயே உட்கார்ந்து பொத்தான் போனில் பேசினார். ‘நான் ஏமாந்துவிட்டேன்’ என்கிற வாக்கியம் இலக்கணப்படி எளிமையானது. முதல் பத்துப் பேரிடம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பலர் நம்பவில்லை. பழைய லாரி உதிரிபாகம் விற்கும் முகெர்வா பரீட்சையே வைத்தான்.

“நிஜ மாஸ்டர்னா சொல்லுங்க. ‘என் பசு’ கட்டுரைக்கு எனக்கு என்ன மார்க் போட்டீங்க?”

“பூஜ்யம். பசுவோட பேரைக்கூடத் தப்பா எழுதியிருந்தே.”

“ஐயோ, நீங்கதான் மாஸ்டர்!”

“நீ எவ்வளவு அனுப்பினே, முகெர்வா?”

“ஒண்ணும் அனுப்பலையே. கடிதம் வந்ததும் உங்க நம்பருக்கு அடிச்சேன். அணைச்சு வச்சிருந்தீங்க. உங்க குரலைக் கேட்காம அனுப்பக்கூடாதுன்னு இருந்துட்டேன்.”

“பிழையே இல்லாத கடிதம்டா அது! எப்படிச் சந்தேகம் வந்துச்சு?”

“பிழை இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படி மாஸ்டர் தெரியும்? நீங்கதான் பூஜ்யம் போட்டீங்களே.”

பத்தொன்பது பேர் அனுப்பியிருந்தார்கள். திருப்பித் தருவேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நபடான்சி மட்டும், “நீங்க நல்லா இருக்கீங்கல்ல மாஸ்டர், அது போதும்” என்றாள். அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் பழைய விதியை எல்லா நோட்டிலும் அடிக்கச் சொன்னார். முகவரியைப் பார், அவசரப்படுத்துகிறவனை நம்பாதே, கடவுச்சொல்லை எவன் கேட்டாலும் கொடுக்காதே, உனக்குத் தெரிந்த எண்ணில் நீயே கூப்பிட்டுக் கேள் என்று புதிதாக எழுதிப்போட்டார். யார் சொன்னது என்று பிள்ளைகள் கேட்டபோது, துணி விற்கிற ஒரு அம்மா என்றார்.

பத்தாம் நாள் அவருடைய கணக்கு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. துணிக்கடையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்ததும் மேலே ஒரு கடிதம்: ‘மதிப்பிற்குரிய ஆசிரியறே, தாங்கள் இல்லையேல் நான் இல்லை, நன்றி.’

மாஸ்டரின் விரல்கள் தாமாகவே விசைப்பலகைமேல் ஏறின.

“கையை எடுங்க,” என்றாள் நகலேமா.

“ஒரே ஒரு எழுத்துதான்...”

“எடுங்கன்னா!”

எடுத்துவிட்டார். வாசலில் யாரோ துணி கேட்டு வர, அவள் எழுந்து போனாள். அவள் திரும்பி வருவதற்குள் என்ன நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தத் திருடன் அடுத்து எழுதிய கடிதத்தில் அந்த எழுத்து சரியாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சிரிக்கிறீர்கள். நல்லது, ஒன்றே ஒன்று கேட்கிறேன். ‘ஆசிரியறே’ என்று படித்தபோது உங்கள் புருவம் ஒரு தடவை ஏறி இறங்கியதா இல்லையா? மேலே ஏதோ ஓரிடத்தில் நான் ஒற்று விட்டுவிட்டேன் என்று ஒரு கடிதம்கூட உங்கள் மனசுக்குள் தயாராகிக்கொண்டிருக்கிறதே? அனுப்புங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், இன்று காலை உங்களுக்கு வந்தவற்றில் ரொம்ப அழகாக எழுதியிருந்த அந்தக் கடிதம் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.