சுப்பன் ஓட்டிய மிஷின்

நல்லுசாமி செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

“காப்பி ஆறுதுங்க சம்பந்தி, உள்ள வாங்க,” என்றான் காளியண்ணன்.

“இன்னும் சம்பந்தி ஆகல. உங்க வீடு ஆடுது! தம்ளர் தானா நடக்குது, என் கண்ணால பாத்தேன்.”

மகன் அர்ஜுனனுக்குப் பெண் கேட்டு, கம்போங் ராஜா ஊரிலிருந்து லோரி பிடித்து வந்த மனிதர் அவர். காளியண்ணனுடையது தேயிலை பேக்டரிச் சுவரை ஒட்டிய லயத்தில் கடைசி வீடு. அங்கே இலை உருட்டும் மிஷின் ஓடினால் இங்கே பாத்திரமெல்லாம் தாளம் போடும். வீட்டுக்காரர்களுக்குப் பழகிப்போய் அது தெரிவதே இல்லை. நல்லுசாமியோ, சுமத்ராவில் நிலநடுக்கம் என்று ரேடியோ சொன்ன நாளிலிருந்து கட்டிலில் படுக்கவே பயந்தவர்.

 காளியண்ணனின் மகள் நவமணிக்கும் அர்ஜுனனுக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. இந்த இடம் தட்டிப்போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

“அது பேக்டரி மிஷின்லா, சம்பந்தி.”

“சமாளிக்காதீங்க.”

“நவமணி! நீ பள்ளிக்கூடத்துல பாரம் ஐந்து வரைக்கும் படிச்ச பிள்ளதானே? மாமாவுக்கு வெளக்கமா சொல்லும்மா.”

நவமணி இரண்டு தாம்பாளங்களோடு வாசலுக்கு வந்தாள்.

“பூமியோட மேல் ஓடு ஒரே துண்டு இல்ல மாமா. பெரிய பெரிய பாளமா இருக்கு. நகம் வளர்ற வேகத்துல நகருது. சுமத்ராவுக்கு அந்தாண்ட, கடலுக்கடியில ஒண்ணு இன்னொண்ணுக்குக் கீழ நுழையுது.” ஒரு தாம்பாளத்தை மற்றதன் அடியில் தள்ளினாள். அது சிக்கி நின்றது. பலமாக அழுத்தவே, டணார் என்று வழுக்கியது. நல்லுசாமி துள்ளினார்.

“இப்படிச் சிக்கி, தாங்க முடியாம வழுக்குறதுதான் நிலநடுக்கம். கீழ போற பாளம் தண்ணியையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகும். அந்தத் தண்ணி ஆழத்துல இருக்கிற சூடான பாறைய உருக்கிடும். அந்தக் குழம்பு மேல வந்தா எரிமலை. நாம விளிம்புல இல்ல மாமா, ரொம்பத் தள்ளி இருக்கோம். அங்க பெரிசா ஆடினா இங்க லேசா தெரியும், அவ்வளவுதான்.”

“அப்ப அடியில பாறையே உருகுதுன்னு நீயே ஒத்துக்கிற!” நல்லுசாமி இன்னும் நாலடி பின்னால் போனார்.

“சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தீங்களே,” என்று அம்சவல்லி புருஷன் காளியண்ணனின் காதைக் கடித்தாள்.

காளியண்ணன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. அன்னைக்கு பேக்டரி லீவு. மூணு மணிக்கு மிஷின ஓட்டச் சொல்றேன். மிஷின் ஓடாம வீடு ஆடுச்சுன்னா, இந்தச் சம்பந்தமே வேணாம்!”

“பேச்சு மாறக்கூடாது.”

மிஷின் ஆள் சுப்பனுக்குக் கோழிக்கறி விருந்து போய்ச் சேர்ந்தது. பேக்டரிக் கணக்குப் பார்க்கும் கிராணிக்குத் தெரியாமல் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டுவதாக அவன் சத்தியம் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரையில் மழை கொட்டியது. பக்கத்தில் பேசுவதே காதில் விழவில்லை. நல்லுசாமி கதவோரமாக உட்கார்ந்து தம்ளரையே முறைத்துக்கொண்டிருந்தார். மூன்று மணி தாண்டியும் அது அசையவில்லை. காளியண்ணனுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. படுபாவி, கோழியைத் தின்றுவிட்டுக் கைவிட்டானே!

அப்போது தம்ளர் நகர்ந்தது. விளக்கு ஊஞ்சலாடியது. அலமாரியிலிருந்து ஈயச்சட்டி உருண்டு விழுந்தது.

“ஏங்க, எப்பவும் இம்மாம் ஆடாதே!” என்றாள் அம்சவல்லி.

காளியண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தான். “சுப்பன் கைவரிசை! எல்லா மிஷினையும் சேத்து ஓட்டுறான்! பாத்தீங்களா சம்பந்தி?”

ஆட்டம் நின்றது. நல்லுசாமியும் சிரித்துவிட்டார். “சொன்னபடி செஞ்சிட்டீங்க. ஒரு மிஷினுக்கா இவ்வளவு பயந்தேன்!” என்றவர், சுவரைச் செல்லமாகத் தட்டிக் கொடுத்தார். உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலை பாக்கோடு தாம்பாளம் மாற்றினார். நவமணி தலை குனிந்து சிரித்தாள். காளியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தொப்பலாக நனைந்த சுப்பன் அப்போதுதான் வாசலில் வந்து நின்றான். கையில் அறுந்த பெல்ட்.

“மன்னிச்சிருங்கண்ணே. காலையிலேருந்து மல்லுக்கட்டுறேன், மிஷின் ஒரு சுத்துகூட சுத்தல.”