மரியாதைக்குச் சொன்னதும் ரத்தான வேலையும்

கோயம்புத்தூர்க்காரர்களின் மரியாதையைக் கண்டு உலகமே மயங்கும். அந்த மரியாதையைச் சொன்னவர்களிடமே திருப்பிக் கொண்டுபோய் வைத்து, ஒரு ஜில்லாவையே வாயடைக்கச் செய்த ஒரே பிறவி எங்கள் ‘சொன்னீங்கல்ல’ அக்காதான்.

சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. வார்டனைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பீளமேட்டு ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரர். நாங்கள் இருவருமே ஒப்பந்த நர்சுகள். ஏஜென்சி எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறதோ அங்கே மூன்று மாதம் வேலை. முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊர். ஒப்பந்தத்தின் கடைசி வரியில், ஆஸ்பத்திரி வேண்டாமென்றால் வேலை எப்போது வேண்டுமானாலும் ரத்தாகும் என்று எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருப்பார்கள். கையெழுத்துப் போடுகிற அவசரத்தில் அதை யார் படித்தார்கள்?

அக்காவிடம் ஒரு கோளாறு. ‘மரியாதைக்குச் சொல்வது’ என்று உலகத்தில் ஒன்று இருப்பதாகவே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது சொன்னதுதான்.

ஜவுளிக்கடை விற்பனையாளர், “எடுக்காட்டியும் பரவால்லீங்க, சும்மா பாருங்க” என்பார். அக்கா காலையில் உட்கார்ந்தால், கடைக்காரர் மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்து மாடியிலிருந்த பண்டல்களையெல்லாம் இறக்கிப்போடும் வரைக்கும் சும்மா பார்ப்பார். எடுக்கமாட்டார். “பரவால்லைன்னு அவரேதான சொன்னாரு கண்ணு” என்பார் என்னிடம். இனி எந்த முகத்தோடு அந்தக் கடைப் படி ஏறுவது? தீபாவளிப் புடவைக்கு நான் திருப்பூர் போக வேண்டியதாயிற்று.

அன்னூரில் நடந்தது இதைவிட மோசம். ஒரு நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது அவர் மனைவி, “ஒருக்கா ஊட்டுப்பக்கம் வந்து நாலு நாள் இருந்துபோட்டுப் போகோணுங்க” என்று எல்லோரும் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த லீவில் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு பையோடு போய் நின்றார். கதவைத் திறந்த அம்மாளுக்கு நாங்கள் யார் என்பதே பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே, “வாங்க வாங்க” என்றார். அதையும் சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டாம் நாள் அந்த அம்மாளுக்குத் தலைவலி வந்துவிட்டது. அக்கா பிரஷர் பார்த்து, “கொஞ்சம் கூடித்தானுங்க இருக்குது. எதையும் மனசுல போட்டுக்காதீங்க” என்றார். நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன், கிளம்பலாம் என்று. “நாலு நாள்னு சொன்னாங்கல்ல? பாதியில போனா மனசு வருத்தப்படுவாங்க.” எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வேறு அறை கேட்டு வார்டனிடம் நான் நடக்காத நாளில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் இருவருக்கும் மேட்டுப்பாளையத்தில் வேலை வந்தது. ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்த ஏஜென்சி மேனேஜர் வழக்கமான பல்லவியைப் பாடினார்: “ஒரு சங்கடம்னா நேரா இங்க வந்துருங்க சிஸ்டர். நம்மூடு மாதிரி நெனச்சுக்கோங்க.”

ஹாஸ்டலைக் காலி செய்தோம். நாங்கள் படி இறங்குவதற்குள் எங்கள் கட்டில்களில் வேறு பெண்கள் படுக்கை விரித்துவிட்டார்கள். பஸ் துடியலூரைத் தாண்டும்போது மேனேஜர் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். ஒப்பந்தம் ரத்தாம்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தங்க இடமில்லை. வேலையில்லாமல் ஊருக்குப் போனால் அப்பா என்னைத் திரும்ப அனுப்பமாட்டார். மாப்பிள்ளை வீட்டார் பட்டியலோடு தரகர் தயாராக இருந்தார். அதோடு என் நர்ஸ் வேலைக்குக் கும்பிடு போட வேண்டியதுதான். “அழுவாத கண்ணு, இறங்கு” என்றார் அக்கா. எதிர்ப்பக்கம் போய் நின்று டவுன் பஸ் பிடித்தோம்.

ஏஜென்சி ஆபீசில் மேனேஜர் எங்களைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில், “வாங்க, உக்காருங்க. சாப்ட்டீங்களா?” என்றார்.

“இல்லீங்க” என்றார் அக்கா.

சாப்பாடு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அக்கா பெட்டியைத் திறந்தார். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் குறுக்கே கொடி கட்டித் துண்டுகளைக் காயப்போட்டார். மேனேஜர் பதறினார்.

“ஏனுங்க சிஸ்டர், என்ன பண்றீங்க?”

“சங்கடம்னா நேரா வரச் சொன்னீங்கல்லங்க. வந்துபோட்டோமுங்க.”

“ரத்துப் பண்ணலாம்னு ஒப்பந்தத்துலயே போட்டிருக்குதுங்களே!”

“போட்டிருக்குதுங்க. உங்க மேல தப்பே இல்லீங்க. நான் பேப்பரை நம்பி வரலீங்க, உங்க வார்த்தையை நம்பி வந்திருக்கறேனுங்க.”

அந்த நேரம் பார்த்துக் கையெழுத்துப் போட நாலைந்து புதுப் பெண்கள் வந்தார்கள். அக்கா எழுந்து வரவேற்றார். “வாங்க அம்மணி. கடைசி வரியைப் படிச்சுப்போட்டீங்களா? அதுனாலதான் நாங்க இங்க குடி வந்திருக்கறோம்.” பெண்கள் ஈரத்துண்டைப் பார்த்தார்கள். பேனாவை மூடி வைத்தார்கள்.

அதற்குமேல் மேனேஜர் போனைக் கீழே வைக்கவேயில்லை. சாயங்காலம் துடியலூரில் ஓர் ஆஸ்பத்திரி கிடைத்தது. ரத்தானால் அடுத்த வேலை கிடைக்கும்வரை தங்குமிடமும் சாப்பாடும் ஏஜென்சி பொறுப்பு என்று என் ஒப்பந்தத்தில் அவர் கையாலேயே எழுத வைத்தார் அக்கா. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம்.

“நீ போ கண்ணு” என்றார். ஏதோ பந்தியில் முதலில் உட்காரச் சொல்வதுபோல.

மேனேஜர் வேறு வழியில்லாமல் அக்காவைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போனதையும், நாலைந்து நாளில் அவர் மனைவி போட்ட சத்தத்தில் அக்காவுக்கு ஈரோட்டில் வேலை கிடைத்ததோடு, எல்லோருடைய ஒப்பந்தத்திலும் அந்தத் தங்குமிட வரி ஏறியதையும் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. என் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்துவிட்டு இறங்கியபோது, அவருக்குப் படுக்க இடமில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலில் தலையை நீட்டி, “அக்கா, நீங்களும் வந்துருங்கக்கா! ஒரே கட்டில்ல படுத்துக்கலாம்!” என்று கத்தினேன்.

யார் எதைச் சொன்னாலும் விடாத அந்த மகராசி, சிரித்துக்கொண்டே கையை மட்டும் ஆட்டினார்.

நான் மரியாதைக்குச் சொல்லவில்லை அக்கா.