அக்கா, இந்த மாதம் வர வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களின் சமூகத்திற்குத் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் மகளும் சௌக்கியம். அங்கு தங்கள் முழங்காலும் அத்தானின் இருமலும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து ஒற்றுமையாக இருக்கும் என நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கவனக் குறைபாடு என்று மாத்திரை கொடுத்து அவளைப் பொம்மையாக்கப் பார்க்கிறோம் என்றும், நானும் சின்ன வயதில் அப்படித்தான் பராக்குப் பார்த்துக்கொண்டு திரிந்தேன், இன்று ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கே முதலாளியாக இல்லையா என்றும், நேரில் வந்து ஒரு மாதம் தங்கி மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் கிளம்பப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். தங்கள் பாசத்துக்கு நன்றி. ஆனால் நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இவள் வீட்டுப்பாடத்தை எழுதினால் பையில் வைக்க மறப்பாள், வைத்தால் டீச்சரிடம் கொடுக்க மறப்பாள். போன வருஷம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத் துண்டெடுக்க வந்தவள், அலமாரியில் பழைய படக்கதைப் புத்தகம் ஒன்று அகப்பட அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட, தண்ணீர் மாடிப்படி இறங்கிக் கீழ்வீட்டுக்காரரின் கட்டிலைக் குசலம் விசாரிக்கப் போய்விட்டது. அவர் ஈரத் தலையணையோடு வந்து நின்றபோது நான் சிரித்தேன். இவள் சிரிக்கவில்லை. “நான் வேணும்னே பண்றேன்னு எல்லாரும் நினைக்கிறாங்கப்பா”ன்னு தேம்பித் தேம்பி அழுதாள். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனோம். அந்தம்மா மூன்று தடவை வரவழைத்து, எங்களையும் பள்ளிக்கூடத்தையும் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டு, எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, கடைசியில்தான் மாத்திரை எழுதினார்.

முதல் நாள் அவள் மாத்திரை போட்டதும் நான் எதிரே நாற்காலி போட்டு, பால் பொங்குவதற்குக் காத்திருப்பது போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “அப்பா, கடைக்குப் போங்க. எனக்கு ஒண்ணும் கொம்பு முளைக்கல” என்றாள். கொம்பு முளைக்கவில்லைதான். ஆனால் அந்த வாரமே, நான் பத்து வருஷமாகச் சொல்லிவரும் என் கடைக் கதையை முதல்முறையாகக் கடைசிவரை கேட்டுவிட்டு, போன தடவை அந்த வாடிக்கையாளருக்கு மீசை இருந்ததே, இந்தத் தடவை எங்கே போனது என்று கேட்டாள். அக்கா, கவனிக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு நிம்மதியாக வாழ்ந்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, கண்ணாடிச் சட்டங்களுக்குப் போடும் திருகாணி எல்லாம் கலந்துகிடந்த டப்பாவைக் கொட்டி, கடுகளவு ஆணிகளை அளவுவாரியாகப் பிரித்து வைத்தாள். முழுசாக மூன்று மணி நேரம். நான் தும்மினேன். எல்லாம் பழையபடி ஒன்றாகிவிட்டது. அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று வியாபாரம் பார்த்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். மாத்திரையால் மத்தியானம் பசிக்காதாம், டிபன் டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. மனைவி பார்த்தால் கவலைப்படுவாளே என்று நானே தின்றுவிட்டுக் கழுவி வைத்தேன். மாதம் முடிந்து டாக்டரிடம் போனால் பெண் இரண்டு கிலோ குறைந்திருக்கிறாள். டப்பா தினம் காலியாத்தானே இருக்குன்னு மனைவி சத்தியம் பண்ணுகிறாள். டாக்டர் என் சட்டையைப் பார்த்தார். நடுப்பொத்தான் எங்கேயோ தெறித்துப் போயிருந்தது. “அப்பாதான் சாப்பிட்டாங்க, கழுவும்போது பாத்தேன்” என்று மகள் சொன்னாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. டாக்டர் எனக்கும் அந்த இயந்திரத்தில் எடை பார்த்தார். பிறகு மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்து, காலையில் மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடவும், சாயங்காலம் மாத்திரையின் வேகம் இறங்கியதும் வரும் பசிக்கு இன்னொரு வேளை கொடுக்கவும் சொன்னார்.

தாங்கள் பயந்தது போலவே, அளவைக் குறைப்பதற்கு முன்னால், நானும் ஒரு வாரம் பயந்தேன், அதை மறைக்கவில்லை. பிள்ளை சிரிக்கவே இல்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, “ஏம்மா இப்படி இருக்கே, மாத்திரை வேண்டாம்னா சொல்லிடு, நிறுத்திடலாம்” என்று கேட்டேன். அவள் யோசித்து, “முன்னாடியெல்லாம் டீச்சர் ஒரு கணக்கு போட்டு முடிக்கிறதுக்குள்ள நான் மனசுக்குள்ளயே மூணு தெரு சுத்திட்டு வந்துடுவேன்பா. இப்பதான் வகுப்புலயே உக்காந்திருக்கேன். அங்க இவ்வளவு போர் அடிக்கும்னு எனக்கு யாரும் சொல்லவே இல்ல” என்றாள். பிறகு, “ஆனா கணக்கு புரியுதுப்பா” என்றாள். அளவைக் குறைத்த நாலாம் நாள், நான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடியதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். டாக்டரிடமும் அதைச் சொன்னோம். குறித்துக்கொண்டார்.

ஆகையால், அக்கா, அவளுக்குப் பரீட்சை முடியும்வரை தயவுசெய்து வர வேண்டாம். முன்பெல்லாம் தாங்கள் ஒரு நாள் முழுக்கப் புத்தி சொன்னாலும் அவள் காதில் ஒன்றும் ஏறாது, யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது எல்லாம் ஏறுகிறது. மாத்திரை வேண்டாம் என்று அத்தை சொன்னால் உட்கார்ந்து கேட்டுவிடுவாள். அதுதான் என் பயம்.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியையும் சேர்ப்பிக்கவும். தாங்கள் இருவரும் நூறு வயது தாண்டி, அங்கேயே, சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் போன மாதம் எழுதியது. இந்தக் கடிதம் தபாலில் போய் ஒரு மாதமாகிறது என்று நினைத்திருந்தேன், இன்று காலை கடையில் லென்ஸ் துடைக்கும் துணிக்கடியில் கிடந்தது. தாங்கள் வந்து பத்து நாளாகிறது. வந்த மறுநாளே டாக்டரிடம் சண்டைக்குப் போனவர், ஒரு மணி நேரம் கழித்து நோட்டு நிறையக் குறிப்போடு திரும்பினீர்கள். இப்போது காலையில் அவளுக்கு வயிறு நிறைய ஊட்டி, மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பதும் தாங்கள்தான். மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல், பரீட்சை முடியும்வரை தயவுசெய்து ஊருக்குப் போய்விடாதீர்கள். நேரில் சொல்ல வாய் வராததால் கதவிடுக்கில் செருகுகிறேன். படித்துவிட்டுச் சாப்பிட வரவும், தட்டு வைத்தாகிவிட்டது.