ஒரு சாண் வயிற்றுக்குள் இருபது அடி

அன்பும் மரியாதையும் கொண்ட நாகவல்லி அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் விஜி ஆஸ்பத்திரி வார்டிலிருந்து வணங்கி எழுதுவது. நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவைத் தவிர எல்லோரும் நலம். போனில் சொல்லலாம்தான். நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், தெருவே கேட்கும், எனக்கு வாய் வராது.

அப்பா பத்து நாளாகச் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுக்கிறார். சிறுகுடல் ஓரிடத்தில் சுருங்கி அடைத்திருக்கிறதாம். ஒன்றரை அடியை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைக்க வேண்டும், வியாழக்கிழமை ஆபரேஷன், கையெழுத்துப் போடுங்கள் என்றார் டாக்டர். அப்பா பேனாவைத் தொடவில்லை. "எண்சாண் ஒடம்புல வயிறே ஒரு சாணு சார். அதுல சிறுகுடல்னா சுண்டுவெரல் நீட்டு இருக்குமா? ஒன்ற அடிய எங்கேர்ந்து எடுப்பீங்க? பக்கத்து பெட்டுல கடன் வாங்குவீங்களா?" என்றார். பக்கத்துக் கட்டில் தசரதன் அண்ணன் சட்டென்று தன் வயிற்றைப் பொத்திக்கொண்டார்.

"இருபது அடி கீதுண்ணா. குறுக்களவுதான் சிறுசு," என்றார் நர்ஸ் பவ்யா சிஸ்டர்.

அத்தை, இருபது அடி! என் தையல் கம்பெனிப் பையில் எலாஸ்டிக் சுருள் இருந்தது. கட்டில் காலில் முடிந்து, டேப்பால் அளந்துகொண்டே போனேன். நாலு கட்டில் தாண்டிக் கழிப்பறைக் கதவே வந்துவிட்டது. வார்டு முழுக்கப் பார்த்ததில் எனக்குக் கூச்சத்தால் உயிர் போயிற்று. அப்பாவோ, "எலாஸ்டிக்க இஸ்து என்னியே ஏமாத்துறியா?" என்கிறார்.

சிஸ்டர் எனக்கு விளக்கினார்: இரைப்பை அரைத்துக் கூழாக்கித் தள்ளிவிடுவதோடு சரியாம். பித்தநீரும் கணையநீரும் வந்து கலக்க, சத்தைப் பிரித்து இரத்தத்தில் சேர்ப்பதெல்லாம் சிறுகுடல்தானாம். உள்பக்கம் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி இருக்குமாம். நான் நாள் முழுக்க ஓரம் தைப்பது அந்தத் துண்டுதான் அத்தை. அதே துண்டை யாரோ எனக்குள்ளும் சுருட்டி வைத்திருக்கிறார்கள். நான் கோபித்துக்கொண்டு படுத்த நாளில்கூட, தின்ற இட்லியை அது நகமாகவும் முடியாகவும் ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருக்க மாட்டேன்.

அப்பாவிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நேற்று அவருக்கு அரை டம்ளர் கஞ்சிகூடத் தங்கவில்லை. கையைப் பிடித்தால் வெறும் எலும்பு. அவர் இல்லாத வீட்டை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து நாளைக்கே வாருங்கள். அக்கா அதட்டினால்தான் கேட்பார்.

உண்பதெல்லாம் உடம்பில் சேர்ந்து, நீங்களும் மாமாவும் நூறாண்டு இருக்க வேண்டும்.

உங்கள் மருமகள்,
விஜி

பின்குறிப்பு: வர வேண்டாம் அத்தை. நான் தண்ணீர் பிடித்து வருவதற்குள் அப்பா இதைப் படித்துவிட்டார். என்னைப் பார்க்காமல் சிஸ்டரிடம் பேனா கேட்டார். கையெழுத்தைப் போட்டுவிட்டு, "டாக்டராண்ட சொல்லும்மா, ரெண்டடியாவே எட்த்துக்கட்டும். புள்ள பயந்துகினு கீது," என்றார்.